மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லுமா?

‘ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நாங்களே நீக்குவோம்’ என்று சொல்லி வாங்கிய கையெழுத்து செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வற்புறுத்தலில் போட்ட கையெழுத்து பொதுவாகத் தானாகச் செல்லாததாகிவிடாது. பாதிக்கப்பட்டவர் ரத்து கோரும்வரை உயிரோடுதான் இருக்கும். கழுத்தில் கத்தி வைத்தால்தான் வற்புறுத்தல் என்பது பழைய எண்ணம். பணநெருக்கடியும் போதும் என்பதற்கு, 1989-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான அட்லஸ் எக்ஸ்பிரஸ் வழக்கைச் சொல்வேன். கூடை விற்கும் சிறு நிறுவனம் காஃப்கோ. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். பெரிய கடைக்குச் சரக்குப் போயாக வேண்டும். ஒப்புக்கொண்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று லாரி நிறுவனமான அட்லஸ் காலி லாரியையும் புதிய கட்டணத் தாளையும் அனுப்பியது. கையெழுத்து இல்லையென்றால் லாரி வெறுமனே திரும்பிவிடும். வேறு வழியின்றிப் போட்ட அந்தக் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம்.

கடுமையான பேரம் மட்டும் வற்புறுத்தல் ஆகாது. மிரட்டல் முறையற்றதா, வேறு வழி இருந்ததா என்பதே கேள்வி. உங்கள் விஷயத்தில், ‘விலகு அல்லது நீக்குவோம்’ என்று வாங்கும் ராஜினாமாவைப் பணிநீக்கமாகவே கருதும் நாடுகள் உண்டு. ஆனால் நல்ல இழப்பீடு பேசி, யோசிக்க அவகாசமும் பெற்று விலகியிருந்தால் வாதம் பலவீனம்தான்.

தாமதம் வேண்டாம். எதிர்ப்பை உடனே எழுத்தில் அனுப்புங்கள். கட்டித் தரும் கப்பலுக்குக் கூடுதல் விலை கேட்டது பற்றிய 1979-ஆம் ஆண்டு வழக்கொன்றில், மிரட்டல் நிரூபணமாகியும், கப்பல் கைக்கு வந்த பின் எட்டு மாதம் சும்மா இருந்ததால் கப்பலை வாங்கியவர்கள் தோற்றார்கள்.