ஒரே கம்பியில் மூன்று கரண்ட்: ஃபெர்ரோஎலெக்ட்ரிக் மெமரி கேள்வி பதில்

தண்டையார்பேட்டை எம்.எஸ்சி மாணவி: அக்கா, 10 நானோமீட்டர் ஹாஃப்னியம் சிர்கோனியம் ஆக்சைடு கெப்பாசிட்டரில் பல்ஸ் கொடுத்தால் கரண்ட்டில் பெரிய முகடு வருகிறது. முழுக்க துருவம் புரளும் கரண்ட்தானே?

பதில்: இல்லைம்மா. ஃபெர்ரோஎலெக்ட்ரிக் பொருளுக்குள் இருக்கும் மின் துருவத்தை வோல்டேஜ் கொடுத்து இரண்டு பக்கமும் திருப்பலாம், அந்த இரண்டு திசைதான் மெமரியின் 0, 1. அந்தத் துருவம் புரள்வது, சாதாரண கெப்பாசிட்டராகச் சார்ஜ் ஏறுவது, லீக்கேஜ் (பொருள் வழியாகவே ஒழுகும் கரண்ட்), மூன்றும் ஒரே கம்பியில்தான் வரும். முதலில் ஒரு மைனஸ் பல்ஸ் கொடுத்து எல்லாத் துருவத்தையும் ஒரு பக்கம் திருப்பு. அப்புறம் அச்சுமாறாமல் இரண்டு ப்ளஸ் பல்ஸ். முதலாவதில் மூன்றும் இருக்கும், இரண்டாவதில் புரள எதுவும் மிச்சமில்லை என்பதால் மற்ற இரண்டு மட்டும்தான். கழித்தால் உனக்கு வேண்டியது கிடைத்துவிடும். மைனஸ் பக்கமும் இதே மாதிரி இரண்டு. இதைத்தான் பண்ட் (PUND, Positive-Up-Negative-Down) முறை என்கிறார்கள். இரண்டு பல்ஸுக்கும் நடுவில் ரொம்ப நேரம் விடாதே, கொஞ்சம் துருவம் தானாகத் திரும்பிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

வியாசர்பாடி தம்பி: எத்தனை ஆம்பியர் வரும்?

பதில்: கெப்பாசிட்டர் ஒவ்வொரு பக்கமும் 50 மைக்ரான் உள்ள சதுரம் என்று வை. சதுர சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோகூலோம் புரண்டால் மொத்தம் 1 நானோகூலோம். 1 மைக்ரோசெகண்டில் புரண்டால் சராசரி 1 மில்லிஆம்பியர், 1 மில்லிசெகண்டில் என்றால் 1 மைக்ரோஆம்பியர்தான். அதனால் நேரத்தைச் சொல்லாமல் கரண்ட்டை மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை.

திருவொற்றியூர் நண்பர்: ஸ்கோப்பில் (ஆஸிலோஸ்கோப்) முகடு மழுங்கித் தெரிகிறது. பிலிம், அதாவது அந்த மெல்லிய ஆக்சைடு படலம், சரியில்லையா?

பதில்: நானும் பிலிமைத் திட்டியே ஒரு வாரத்தை வீணாக்கினேன். ஸ்கோப்பின் உள்ளீட்டு மின்தடை 1 மெகாஓமில் இருந்தது! இந்த அளவு கெப்பாசிட்டர் சுமார் 66 பிக்கோஃபாரட், 1 மெகாஓமோடு சேர்ந்தால் டைம் கான்ஸ்டன்ட் (சார்ஜ் ஏறும் வேகத்தைச் சொல்லும் நேரம்) 66 மைக்ரோசெகண்ட், பல்ஸின் வோல்டேஜும் பெரும்பாலும் ஸ்கோப்பிலேயே விழுந்துவிடும், பிலிமுக்கு என்ன மிஞ்சும்? 50 ஓமுக்கு மாற்றுங்கள். 1 மில்லிஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட், தாராளமாகத் தெரியும்.

ராயபுரம் ஆய்வாளர்: லீக்கேஜை மட்டும் அளக்க?

பதில்: அவசரப்படாதீங்க சார். அளக்கப்போகும் திசையிலேயே முன்கூட்டித் துருவத்தைத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு வோல்டேஜிலும் கரண்ட் இறங்கி அடங்கும்வரை காத்திருந்து எடுங்கள். சராசரி எடுக்கும் நேரம் 20 மில்லிசெகண்டின் மடங்காக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். கடற்கரை ஈரத்தில் பேட்களுக்கு (கம்பி தொடும் உலோகத் திட்டுகளுக்கு) இடையே மேற்பரப்பு வழியாகவும் ஒழுகும், காய்ந்த நைட்ரஜன் விட்டு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

காசிமேடு மாணவர்: புது சாம்பிளில் இரண்டு முகடு, ஆயிரம் தடவை ஓட்டியதும் ஒன்றாகிவிட்டது. கெட்டுப்போச்சா?

பதில்: இல்லப்பா, ஹாஃப்னியம் ஆக்சைடு பிலிமில் இது சகஜம், வேக்-அப் என்பார்கள். எத்தனையாவது தடவையில் அளந்தாய் என்பதை மட்டும் நோட்டில் எழுதி வை.