வயலை விற்க வேண்டாம், அண்ணாச்சி

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார். மகளுக்கு நீட்டில் அரசு இடம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. சென்னை மைத்துனர் ஒரு நிகர்நிலைப் பல்கலையில் எம்பிபிஎஸ் சீட்டு ‘பேசி முடித்து’ வைத்திருக்கிறாராம். காரும் பிசானமும் விளைகிற வயலை விற்றால் முதல் இரண்டு வருஷக் கட்டணம் தேறுமாம், விற்கலாமா என்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: சித்தப்பாவுக்கு டிபி வந்ததிலிருந்து, “தோளில் டிபிக்குப் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பு இருக்கே, பிறகு எப்படி வந்தது?” என்று பிள்ளை எல்லோரையும் குடைகிறாள்.

பதற்றம் புரிகிறது அண்ணாச்சி. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை இது. நிகர்நிலைப் பல்கலை எம்பிபிஎஸ் இடங்கள் எம்சிசி என்ற மத்திய அரசுக் குழுவின் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. ‘பேசி முடித்த’ சீட்டு என்று எதுவும் கிடையாது. அந்தப் பேச்சுக்கு முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நேர்வழியிலேயே கிடைத்தாலும் பல இடங்களில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். இரண்டு வருஷத்தில் வயல் போய்விடும், மூன்றாம் வருஷத்துக்கு என்ன செய்வீர்கள்? மைத்துனரா கட்டுவார்?

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அது விவரமான கேள்வி. பிசிஜி, சின்னக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகை டிபியிலிருந்து நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு அதை நம்ப முடியாது. செங்கல்பட்டில் 1968ல் தொடங்கிய பெரிய ஆய்வு இதைத்தான் காட்டியது. டிபி கிருமி, தன்னை விழுங்க வந்த வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருக்கும். உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்குமே தவிர, பல நேரம் கொல்லாது. மஞ்சள்காமாலை பி வைரஸ், எச்ஐவி இவற்றில் சங்கதி வேறு. எதிரி வருஷக்கணக்காகப் போகாமல் நிற்பதால், கிருமியோடு சண்டை போடும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ஓய்ந்துபோகின்றன, பிடி-1 என்ற பிரேக் அவற்றின்மேல் விழுகிறது. அந்த பிடி-1ஐக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானி தசுக்கு ஹோன்ஜோவுக்கு 2018ல் நோபல் கிடைத்தது. இப்படித் தங்கிவிடுகிற நோய்களுக்குத் தடுப்பூசி தேடுவது ஆய்வகத்து வேலை. அதற்கு எம்பிபிஎஸ் கட்டாயமில்லை.

வழி இதுதான்: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி அல்லது பயோகெமிஸ்ட்ரி மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு வருஷம், பிறகு ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகைத் தேர்வு எழுதி பிஎச்.டி. ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிளஸ் டூவில் அந்தந்த போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதன் பாடப் பட்டியலில் மைக்ரோபயாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் இருக்கின்றன, பயோடெக்னாலஜி இல்லை. பெயர் பளபளப்பாக இருக்கிறதே என்று பி.எஸ்சி. பயோடெக் எடுத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் உண்டு. எம்.எஸ்சி.க்கு காட்-பி, ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வுகளைக் குறிவைக்கட்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், வேலூர் சிஎம்சி எல்லாம் இருக்கின்றன.

வேலை எப்படி இருக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியட்டும். தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தை ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் கலங்காமல் மெல்லப் படரவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் எந்திரத்தில் 400 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு) 30 நிமிடம் சுற்ற வேண்டும். பிரேக்கை அணைத்துவிட்டுத்தான் சுற்றணும். பிரேக்கோடு நிறுத்தினால் நடுவில் நிற்கிற மங்கலான வெள்ளை வளையம் குலைந்துவிடும். தேவையான செல்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றை, உறையும்போது செல் சாகாமல் காக்கிற டிஎம்எஸ்ஓ திரவம் 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 80 வரை குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனில் வைக்கணும். எடுக்கும்போது தலைகீழ்: 37 டிகிரி தண்ணீரில் சட்டென்று உருக்கணும், இல்லாவிட்டால் செல்கள் செத்துப்போகும். ரத்தம் எடுத்து எட்டு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்காமல் விட்டால் டி செல்கள் மந்தமாகும், நல்ல தடுப்பூசிகூட வேலை செய்யாதது போலத் தெரியும். பிறகு டிபி புரதத்தைக் காட்டி, எத்தனை செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன என்று எலிஸ்பாட் என்ற சோதனைத் தட்டில் புள்ளி எண்ணணும், ஒரு புள்ளி ஒரு செல். ஒரு நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. இதைக் கேட்டு பிள்ளை கண் விரிந்தால் சரி, கொட்டாவி விட்டால் வேறு பேசுவோம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சொற்பம். பிஎச்.டி. ஐந்து, ஆறு வருஷம் இழுக்கும், “கல்யாணம் எப்போ?” என்று மைனிமார் கேட்பார்கள். அதைத் தாங்க வேண்டியது நீங்களும் அம்மாவும்தான், பிள்ளை இல்லை. நடுவில் எம்.எஸ்சி.யோடு வெளியே வந்தாலும், தடுப்பூசி கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, பதிவு ஆவணம், மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு வேலைகள் உண்டு.

பாளையங்கோட்டையோ ஆழ்வார்குறிச்சியோ, எந்தக் கல்லூரியானாலும் கட்டணம் கட்டுமுன் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் ஓடுகிறதா? வடிகட்டிய காற்று வீசுகிற லேமினார் ஃப்ளோ மேசைமேல் தூசி படிந்திருக்கிறதா? மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, “எலைசா சோதனையை நீயே கையால் செய்தாயா, சார் செய்ததைப் பார்த்தாயா?” என்று கேளுங்கள். பார்த்ததுதான் என்றால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள். பயாலஜி குரூப் பிள்ளைகள் புள்ளியியலை விட்டுவிடுகிறார்கள், முதல் வருஷத்திலேயே அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வருஷம் நவம்பர் வாக்கில் அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் வரும். இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருக்கலாம். ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதனால் வகுப்பில் முகம் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.