மனை விற்கும் வேலை: எந்த ஆபீசில் சேரலாம்?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் ஐந்து வருஷம் கணக்கு எழுதினேன். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு கடை நேரம் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். ரியல் எஸ்டேட் வேலைக்குப் போக ஆசை. மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று, மனைப்பிரிவு போட்டு விற்கிற பெரிய கம்பெனி. 10,000 ரூபாய் கட்டிச் சேர வேண்டும். எனக்குக் கீழே ஆள் சேர்த்தால் அவர்கள் விற்பதிலும் எனக்குப் பங்கு வருமாம். இரண்டாவது, வண்ணார்பேட்டையில் ஒரு வெளியூர் கம்பெனியின் கிளை. மாதம் 12,000 சம்பளம், விற்றால் கமிஷனில் கால் பங்கு. மூன்றாவது, பத்திர ஆபீஸ் பக்கத்தில் முப்பது வருஷமாகத் தரகு பார்க்கும் ஒரு பெரியவர். சம்பளம் கிடையாது, வருவதில் பாதி என்கிறார். வீட்டுக்காரர் இரண்டாவது இடத்துக்குப் போகச் சொல்கிறார். அம்மாவோ, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்கிறார். முதல் கம்பெனிக்காரர்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடச் சொல்கிறார்கள். போடலாமா? எங்கே சேரலாம்?
– வாசகி, பெருமாள்புரம்

பதில்:

தங்கச்சி, முதலில் அம்மாவுக்குப் பதில். நம் பக்கம் வீடு, மனை பார்க்கக் குடும்பமாகத்தான் வருவார்கள். அட்வான்ஸ் கொடுக்கிறவர் ஆணாக இருந்தாலும், வீட்டம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அந்த இடம் முடியாது. போர் தண்ணீர் உப்பா, மழைக்குத் தெருவில் தண்ணீர் கட்டுமா, ஸ்கூல் வேன் உள்ளே வருமா, ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கலாமா என்றெல்லாம் கூச்சமில்லாமல் கேட்க எதிரில் ஒரு பெண் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல். இந்தத் தொழிலுக்கு உங்களைப் போன்ற பெண்கள் வரவேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அம்மாவின் பயத்திலும் நியாயம் உண்டு. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று இடத்தையும் நீங்கள் வருமானத்தை வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. எந்த ஆபீசில் பத்திரத்தைப் படித்த பிறகு இடத்தைக் காட்டுகிறார்களோ, காகிதம் சரியில்லை என்றால் கையில் இருக்கிற பார்ட்டியையும் அனுப்பிவிடுகிறார்களோ, அங்கே சேருங்கள். அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களிடம் முதலில் வாங்கப் போகிறவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள்தான். சித்தப்பா மகன், மதினியின் தம்பி, பழைய கடையில் கூட வேலை பார்த்த அக்கா. அவர்கள் கம்பெனி பெயரை நம்பி வருவதில்லை, உங்களை நம்பி வருவார்கள். கொண்டுவருகிற பணம் துபாயில் பத்து வருஷம் வெயிலில் நின்று சேர்த்ததாக இருக்கும், இல்லை நகையை அடகு வைத்து எடுத்ததாக இருக்கும். நாளைக்கு அந்த மனையில் தகராறு என்றால் கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். நீங்கள் அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இதனால்தான் முதல் கம்பெனி வேண்டாம் என்கிறேன். மனைப்பிரிவு போடுகிற எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. முறையாக அனுமதி வாங்கி, ரோடு போட்டு, பூங்காவுக்கு இடம் விட்டு விற்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் வேலை கொடுக்கிறவர் உங்களிடமே பணம் கேட்கிறார், மனை விற்பதைவிட ஆள் சேர்ப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். அவருக்கு வேண்டியது உங்கள் உழைப்பு இல்லை, உங்கள் போனில் இருக்கும் சொந்தக்காரர்கள் பட்டியல். அது தீர்ந்ததும் உங்களுக்கு அங்கே வேலை இருக்காது. ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் சுற்றுகிற திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். இந்தக் கம்பெனி அந்த வகைதான் என்று தூரத்திலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 10,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

எந்த மனைப்பிரிவுக்காரரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலே, அந்த மனைப்பிரிவை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையத்தில், பதிவு செய்ய வேண்டும். 2016-ல் வந்த சட்டம் அது. பதிவாவதற்கு முன்னால் விளம்பரம் செய்யக்கூடாது, முன்பதிவு வாங்கக்கூடாது, விற்கக்கூடாது. "அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு, இப்போ புக் பண்ணா பழைய விலை" என்று யாராவது சொன்னால், அது தப்பு என்று தெரிந்தே சொல்கிறார்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பதிவான திட்டத்தில் மனை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அந்த மனை விலையில் 5 சதவீதம் வரை போகும். கம்பெனி கட்டிவிடும் என்று நம்பி நிற்காதீர்கள்.

வண்ணார்பேட்டை கிளை பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் தள்ளவில்லை. இந்தத் தொழிலில் முதல் நான்கைந்து மாதம் ஒன்றுமே முடியாமல் போகலாம். அப்போது மாதம் 12,000 வருகிறது என்பது பெரிய விஷயம். ஆனால் சேருவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டார்கெட் முடியாத மாதம் சம்பளத்தில் பிடிப்பார்களா? கமிஷன் எப்போது கைக்கு வரும், அட்வான்ஸ் அன்றைக்கா, பத்திரம் பதிவான பிறகா, வாங்கியவர் தவணை கட்டக் கட்டவா? பெட்ரோல் யார் கணக்கு? நீங்கள் பிடித்த பார்ட்டி, நீங்கள் வேலையை விட்ட பிறகு வாங்கினால் உங்களுக்குப் பங்கு உண்டா? கடைசிக் கேள்வியைத்தான் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை, பிறகு சண்டை அதில்தான் வருகிறது. கமிஷனைச் சம்பளத்தோடு சேர்க்காமல் தனியாகக் கொடுத்தால், அது வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டும்போது 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடிப்பார்கள். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். கணக்கு எழுதிய உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கிளை மேனேஜருக்கு நம் ஊர் மண் எவ்வளவு தெரியும் என்பதுதான் என் சந்தேகம்.

மண்ணைத் தெரிவது என்று நான் சொல்வது இதைத்தான். பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. அப்பா காலமாகிவிட்டார், மூத்த மகன் விற்கிறார், பட்டா அவர் பெயரில் இருக்கிறது. புதிய ஆள் இத்தோடு திருப்தியாகிவிடுவார். விவரம் தெரிந்தவர், "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், எங்கே இருக்காங்க" என்று கேட்பார். ஒரு தம்பி மும்பையில், ஒரு தங்கை கல்யாணமாகி அம்பாசமுத்திரத்தில் என்று அப்போதுதான் வெளியே வரும். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. "அவளுக்குச் சீர் செஞ்சாச்சு" என்கிற பேச்சு பத்திரத்தில் எடுபடாது. எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாது. பதிவான ஆவணம் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயிலும், வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்ட பாகமும் வராது.

அப்புறம் தண்ணீர். நம்முடையது குளத்துப் பாசன ஊர். நேற்றுவரை நெல் விளைந்த நஞ்சையில் இன்று மனைக்கல் நிற்கிறது. அந்த நிலத்துக்கு வகைமாற்ற அனுமதி வாங்கினார்களா, வாய்க்கால் எந்த வழியாகப் போனது, குளத்தின் நீர்ப்பிடிப்பு எதுவரை என்று கேட்கத் தெரிய வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு வந்ததே, அன்றைக்கு எந்தத் தெருவில் எந்த அளவு தண்ணீர் நின்றது என்று ஒரு ஏஜென்ட் அறிந்திருக்க வேண்டும், கேட்பதற்கு முன்னால் வாங்குகிறவருக்குச் சொல்லவும் வேண்டும். கோயில் நிலமும் நம் பக்கம் நிறைய. அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிக் கணக்கில், யார் பயிர் செய்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு, நிலம் யாருடையது என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அங்கீகாரமில்லாத பழைய மனைகள் வேறு ஒரு தலைவலி. அவற்றைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. கையில் இருக்கும் மனை எந்தப் பக்கம் விழுகிறது என்று பத்திரத் தேதியைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இதையெல்லாம் எந்த வகுப்பிலும் இரண்டு நாளில் கற்றுக்கொடுக்க முடியாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம்வரை வரிசையாக வைத்து, பெயரும் சர்வே எண்ணும் நான்கெல்லையும் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று பார்க்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். மெத்தை தைக்கிறவரிடம் ஊசி பிடிக்கக் கற்பது போலத்தான் அது. அந்தப் பெரியவர் அப்படிப்பட்டவராக இருந்தால், பாதிப் பங்கும் தருகிறார் என்றால், என் ஓட்டு அவருக்குத்தான்.

ஆனால் முப்பது வருஷம் இருந்தார் என்பதே நேர்மைக்குச் சான்றாகாது. ஒரு வாரம் அவர் ஆபீசில் சும்மா போய் உட்காருங்கள். "அண்ணாச்சி, நீங்க வேண்டாம்னு விட்ட இடம் ஏதாவது இருக்கா, ஏன் விட்டீங்க?" என்று கேளுங்கள். நல்ல தரகரிடம் அப்படிப் பத்து கதை இருக்கும். சர்வே எண்ணோடு சொல்வார். ஒன்றுமே வரவில்லை என்றால், வந்த எல்லாவற்றையும் விற்றிருக்கிறார் என்று அர்த்தம். பணம் எப்படிக் கைமாறுகிறது என்றும் பாருங்கள். சொத்துக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். பார்ட்டி கொடுத்த அட்வான்ஸ் அவர் மேசை டிராயரில் தூங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரெரா பதிவு பற்றி அவரிடம் கேட்டால், "நான் பழைய வீடும் வயலும்தான் பார்க்கேன், எனக்கு எதுக்கு" என்பார். ஒரு அளவுக்கு அது சரி. ரெராவில் பதிவான திட்டத்தின் மனை, வீடுகளை விற்றுக் கொடுக்கத்தான் ஏஜென்ட் பதிவு கட்டாயம். ஆனால் நாளைக்கே கேடிசி நகர் பக்கம் ஒரு புதிய மனைப்பிரிவுக்குப் பார்ட்டி கேட்டு வந்தால் என்ன செய்வார்? ஆகவே பதிவை உங்கள் பெயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்குச் செல்லும். எங்கே மாறிப் போனாலும் உங்களோடு வரும். இது என் முதல் நிபந்தனை. இரண்டாவது, பாதிப் பங்கு என்பதைக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது. உதாரணமாக 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் பேசினால் 60,000. அதில் உங்கள் 30,000 பதிவு நடந்த அன்றைக்கே வங்கிக் கணக்கில் வரவேண்டும். பெரியவர் வருத்தப்படுவார் என்று தயங்காதீர்கள். முப்பது வருஷம் பத்திரத்தோடு பழகியவருக்கு எழுத்தின் மதிப்பு தெரியும். தெரியாதது போல் பேசினால், அதுவே உங்களுக்குப் பதில்.

இரண்டில் ஒன்றுக்கு அவர் ஒத்துவரவில்லை என்றால் வண்ணார்பேட்டைக்குப் போங்கள். சம்பளத்தோடு ஒரு வருஷம் பாருங்கள். கிடைக்கிற நேரத்தில் வில்லங்கமும் பட்டாவும் அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) இணையத்தில் எடுத்துப் படித்துப் பழகுங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது. பெரியவரிடமே சேர்ந்தால், ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சேருங்கள். இதை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அவர் கவலை சம்பளத்தைப் பற்றியது. கையில் பணம் இருப்பது தெரிந்தால் அவரும் சம்மதிப்பார்.

இப்போது அம்மாவின் பயம். நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம், ரெட்டியார்பட்டி தாண்டி, கங்கைகொண்டான் போகும் வழி என்று பொட்டலில்தான் பாதி மனைகள். முன்பின் தெரியாத ஆளோடு தனியாகப் போகாதீர்கள். முதல் சந்திப்பு ஆபீசில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டையைப் பதிந்த பிறகுதான் இடம் பார்க்கக் கிளம்புவது. உங்கள் வண்டி வேறு, அவர்கள் வண்டி வேறு. பொழுது சாய்ந்த பிறகு போவதில்லை. எந்த ஆபீசில் சேர்ந்தாலும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "இதுக்கெல்லாம் பயந்தா தொழில் பண்ண முடியாதும்மா" என்று யாராவது சிரித்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் அந்த ஆபீஸ் வேண்டாம்.

வாட்ஸ்அப் விளம்பரம் கேட்டிருந்தீர்கள். சேராத கம்பெனிக்கு இப்போது ஒன்றும் போடாதீர்கள். சேர்ந்த பிறகு மனைப்பிரிவு விளம்பரம் போடும்போது திட்டத்தின் ரெரா எண்ணும் உங்கள் ஏஜென்ட் எண்ணும் அதில் இருக்கட்டும். "பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷம்" என்று எழுதச் சொன்னால், ஒரு நாள் வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டு எத்தனை நிமிஷம் ஆனதோ அதை எழுதுங்கள்.