தோள் மூட்டு மாற்றிய இரவில் தாங்க முடியாத வலி: ஊசி வேலை செய்யவில்லையா?

ஊசி வேலை செய்தது. அதன் நேரம் முடிந்துவிட்டது. தர்மபுரியில் காலையில் ஆபரேஷன், மாலை வரை நன்றாகப் பேசிய அம்மா நள்ளிரவில் துடித்தார் என்கிறீர்கள். கழுத்தில் ஒரே தடவை போடும் மரப்பு ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடும். விடும்போது வலி சட்டென்று ஏறும்.

மாலையே வலி மாத்திரை கொடுத்தார்களா என்று பாருங்கள். என் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் இதே ஆபரேஷன் நடந்தபோது, வலிதான் இல்லையே என்று நாங்களே அதைத் தள்ளிப்போட்டோம். அந்த இரவு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மரப்பு விடுவதற்கு முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

அடுத்த தோளுக்கும் ஆபரேஷன் செய்தால் எது நல்லது என்றால்:

1. நரம்பருகே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தினால் 2, 3 நாள் தாங்கும். குழாய் நகர்ந்தால் பலன் போய்விடும்.

2. மூட்டைச் சுற்றி டாக்டர் போடும் ஊசி, முதல் சில மணி நேரம் கழுத்து ஊசி அளவுக்கு வலியை அடக்காது. ஆனால் மூச்சைப் பாதிப்பது குறைவு.

அம்மாவுக்கு ஆஸ்துமா என்றீர்களே, அதுதான் இங்கே முக்கியம். கழுத்து ஊசி அந்தப் பக்க உதரவிதானத்தை (மூச்சு இழுக்க உதவும் தசையை) தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கலாம். குழாயிலும் அந்தச் சிக்கல் உண்டு. மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஆஸ்துமா இருப்பதால் மெடிக்கல் கடையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டிராமடால் என்ற வலி மருந்தின் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் பாராசிட்டமாலும் இருக்கும், தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் அதன் அளவு இரட்டிப்பாகிவிடும்.

மூச்சுத் திணறினாலோ, கை நீலமானாலோ, ஒரு நாள் கடந்தும் விரல்கள் மரத்தே இருந்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள்.