ஆறு மணிக்குப் பூட்டுகிற பூங்கா

கேள்வி: என் கணவருக்கு ஆலையில் ஷிஃப்ட் வேலை. நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகள் "எங்கேயாவது போகலாம்" என்று நச்சரிக்கின்றன. போய்விட்டு வந்தால் அந்த வாரச் செலவில் துண்டு விழுகிறது. "இருக்கிற நிலைமையில் ஊர் சுற்றல் ஒரு கேடா?" என்கிறார் மாமியார். நாங்கள் ஆசைப்படுவது தப்பா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: தப்பே இல்லை. மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு தகவல் மட்டும் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று 1817-லேயே முழங்கியவர் ராபர்ட் ஓவன். அவர் தொழிலாளி அல்ல, பஞ்சாலை நடத்தியவர். நடுவில் இருக்கிற அந்த எட்டைத்தான் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டோம். ஓய்வும் ஓய்வு நேரமும் எல்லோருக்கும் உரிமை என்று 1948-இல் வந்த ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று அதில் அடிக்குறிப்பு எதுவும் கிடையாது.

சரி, உரிமை இருக்கிறது, காசு இல்லையே என்பீர்கள். நுழைவுச் சீட்டை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. போக வர வண்டிக் காசு, உள்ளே நுழைந்ததும் சின்னவனுக்குத் தாகம், வாசலிலேயே பலூன்காரர், கழிப்பறைக்கும் ஒரு சில்லறை. 'அனுமதி இலவசம்' என்று போட்டிருக்கிற இடத்துக்குப் போய்வந்தும் பர்ஸ் காலியாவது இப்படித்தான். அதனால் நான் முதலில் கேட்பது, அந்த இடம் நடந்து போகிற தூரமா என்பதுதான்.

ஆம்ஸ்டர்டாமில் இதைச் செய்தே காட்டினார்கள். ஆல்டோ வான் எய்க் என்ற கட்டடக் கலைஞர், வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த துண்டு நிலங்களில் 1947 முதல் விளையாட்டிடங்களை வடிவமைத்தார். 1978-க்குள் 700-க்கும் மேல் வந்துவிட்டன. ஒரு மணல் குழி, சுற்றிலும் அகலமான கான்கிரீட் விளிம்பு, ஏறித் தொங்க இரும்புக் கம்பிகள், பக்கத்தில் பெஞ்சு. பெரிய செலவு ஒன்றும் இல்லை. அந்த விளிம்பைத்தான் நான் ரசிக்கிறேன். குழந்தை அதில் மண் வீடு கட்டும், அம்மா அதிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பூங்கா வந்துவிட்டது. ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் பளபளக்கிறது. ஆனால் குடும்பமாக யாரும் வருவதில்லையே, ஏன்?

பதில்: எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

என் அப்பா லேத் பட்டறையில் இருந்தவர். எங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு ஆறு மணிக்குப் பூட்டு. காவலாளி கேட்டில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பாவின் சைக்கிள் அந்த வழியாக வரும். கையில் கிரீஸ் கறையோடு அப்பா தலையாட்டுவார், அவரும் பதிலுக்குத் தலையாட்டுவார். அப்பாவோடு ஒரு நாள்கூட நாங்கள் அந்தப் பூங்காவுக்குப் போனதில்லை. வேலை முடிந்து வருகிறவருக்குத் திறந்திருக்காத பூங்கா யாருக்காக?

நேரத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை விளக்கு, கழிப்பறை, முதுகு சாய்கிற பெஞ்சு. பாட்டி உட்கார முடியாத இடத்துக்குக் குடும்பம் வராது, பாட்டியை வீட்டில் தனியாக விட்டுவிட்டு யார் வருவார்கள்?

புதிதாக எதுவும் கட்டாமலே நேரத்தை மட்டும் திறந்துவிட்ட ஊரும் உண்டு. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-இல் தொடங்கிய பழக்கம் இது. ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் பகல் 2 வரை குறிப்பிட்ட சாலைகளில் கார் ஓடாது. இப்போது அது 120 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள், ஸ்கேட்டிங், நடை, யாருக்கு எது முடியுமோ அது. நீங்கள் ஒரே ஒரு தெருவைக் கேளுங்கள், ஞாயிறு காலை மூன்று மணி நேரம். மனுவில் தெருவின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். 'பொழுதுபோக்கு வசதி வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் கோப்புக்குள் போய்த் தூங்கும்.

கேள்வி: இரவு வரை திறந்து வைத்தால் குடிகாரர்கள்தானே வருவார்கள்?

பதில்: ஆளில்லாத இடத்தைத்தான் அவர்கள் தேடுவார்கள். நாலு பாட்டிகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பாட்டிலைத் திறக்கத் தனி தைரியம் வேண்டும். அப்படியும் தொல்லை என்றால், காவலுக்கு இரண்டாவது ஷிஃப்ட் ஆள் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் கையிலிருந்து போனைப் பிடுங்க வழி சொல்லுங்கள்.

பதில்: பிடுங்கிவிட்டு எங்கே அனுப்பப்போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்துக் காலி மனையில், பழைய பலகையும் டயருமாகக் கிடக்கிற இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தடுக்கவா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒழுங்காகக் கட்டிய விளையாட்டு மைதானத்தைவிட இப்படிப்பட்ட தட்டுமுட்டுச் சாமான்கள்தான் குழந்தைகளை இழுக்கின்றன என்று கவனித்த டென்மார்க் நிலவடிவமைப்பாளர் ஒருவரின் யோசனைப்படி, 1943-இல் கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில் அப்படியே ஒரு விளையாட்டிடம் அமைத்தார்கள். கூடவே ஒரு பெரியவரையும் வைத்தார்கள், அதை மறக்க வேண்டாம். நீங்களும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள். மனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த ஆணி, மூடாத குழி எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். கோல் போஸ்டுக்கு வைத்திருக்கிற செங்கல்லை மட்டும் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.