மல்லாந்து படுக்க முடியாதவர் எம்.ஆர்.ஐ. எடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 61 வயது. மேல்முதுகில் கூன் விழுந்திருக்கிறது. வலது தோள் இறுகிப்போனதால் கையைத் தூக்க முடியாது. இடுப்பு வலி காலுக்கு இறங்குவதால் கீழ்முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் மல்லாந்து படுத்தேன், அதற்குமேல் வலி தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தெரிந்த ஒருவர், “திறந்த மெஷின் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன், இல்லாவிட்டால் ஒரு ஊசி போட்டுத் தூங்கவைத்து எடுத்துவிடலாம்” என்கிறார். போகலாமா?

பதில்: முதலில் அந்த ‘ஒத்துழைக்கவில்லை’யை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நிமிராத முதுகைத் தட்டையான மேசையில் கிடத்திவிட்டு ஆடாமல் இரு என்று சொன்னவர்கள்தான் ஒத்துழைக்கவில்லை. எங்கள் துறையில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடலாம், அதனால்தான் அது இவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. என்பது அரை மணி நேரம் ஒரே மூச்சில் எடுக்கும் படம் இல்லை. கீழ்முதுகுக்கு மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். ஆனால் அது நாலைந்து துண்டுகளாக நடக்கிறது, ஒவ்வொன்றும் சுமார் 2 முதல் 5 நிமிடம். தடதடவென்று சத்தம் கேட்கும்போது படம் ஓடுகிறது, சத்தம் நின்றால் ஒரு துண்டு முடிந்தது. நடுவில் அசைந்தால் பெரும்பாலும் அந்தத் துண்டுதான் கெடும். ஆகவே நீங்கள் முப்பது நிமிடம் தாங்க வேண்டியதில்லை, நாலு நிமிடம், நாலு நிமிடமாகத் தாங்கினால் போதும். இடைவெளியில் மூச்சை இழுத்து விடுங்கள், கால்விரல்களை அசையுங்கள். இடுப்பு நகர்ந்துவிட்டால் மட்டும், அவர்களைக் கூப்பிடக் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் முதலில் எடுத்த படத்தை வைத்துத்தான் மற்றவற்றை எந்த இடத்தில் எடுப்பது என்று குறிக்கிறார்கள்.

இதைவிட முக்கியம், எதை முதலில் எடுப்பது என்பது. நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க, முதுகைப் பக்கவாட்டில் காட்டும் படமும் அந்த இடத்தின் குறுக்குவெட்டும் கிடைத்தாலே பெரும்பாலும் மருத்துவருக்குப் போதும். அவற்றை முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இந்த வரிசையைப் படம் பார்க்கும் மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும். வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது டெக்னீஷியன் தானாக மாற்ற மாட்டார். எனவே நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள். ‘முதுகு வலி, படுக்க முடியாது’ என்றால் யார் காதிலும் ஏறாது. எத்தனை நிமிடம், எத்தனை தலையணை என்று சொல்ல வேண்டும். அதற்கு வீட்டிலேயே கெட்டியான விரிப்பில், தலைக்கும் தோளுக்கும் அடியில் தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று என்று வைத்து, கடிகாரத்தோடு படுத்துப் பாருங்கள்.

கீழ்முதுகுப் படத்துக்குத் தலையை உயர்த்தி வைத்தால் ஒன்றும் கெடாது. நீங்கள் உள்ளே போகும் குழாயின் அகலம்தான் இடிக்கும். பழைய மெஷின்கள் 60 செ.மீ., அகலமானவை 70 செ.மீ. இரண்டாவதைக் கேளுங்கள். கையைத் தூக்கவே வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விரல்களைக் கோத்துக்கொள்ளாதீர்கள். தோலும் தோலும் தொடுகிற இடத்தில் சூடேறிப் புண்ணாகலாம், நடுவே துணி இருக்கட்டும். பல மெஷின்களில் கால் முதலில் உள்ளே போகும்படி படுக்கலாம், அப்போது தலை வாசல் பக்கமாக இருக்கும். வலி மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் வேலை செய்யும்படி எப்போது போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காத்திருக்கும் வரிசையிலேயே அதன் வேகம் தீர்ந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அப்புறம் உங்கள் தெரிந்தவர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த மெஷின் எத்தனை டெஸ்லா?” காந்தத்தின் வலுவை அளக்கும் அலகு அது. குழாய் இல்லாமல் பக்கம் திறந்திருக்கும் மெஷின்களில் பெரும்பாலும் காந்தம் பலவீனம், பலவற்றில் 0.2, 0.3 என்று இருக்கும். சாதாரணக் குழாய் மெஷின் 1.5 அல்லது 3. காந்தம் பலவீனமானால் அதே தெளிவுக்கு அதிக நேரம் படுக்க வேண்டும். உங்களால் முடியாதது எதுவோ அதைத்தான் அங்கே கேட்பார்கள்! படம் மங்கலாக வந்தால் மறுபடி வேறு இடம், மறுபடி கட்டணம். ஆள் சேர்ப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு இந்தக் கவலை கிடையாது.

ஊசி விஷயம் இதைவிட மோசம். கூன் முதுகில் நுரையீரல் விரிய ஏற்கெனவே இடம் குறைவு. தட்டையாகப் படுக்கவைத்துத் தூக்க மருந்தும் கொடுத்தால் மூச்சு மட்டுப்படும், குழாய்க்குள் முகமும் தெரியாது. மயக்க மருத்துவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். காந்த அறைக்குள் வேலை செய்யும் ஆக்சிஜன், நாடிக் கருவியும் வேண்டும். “டெக்னீஷியனே போட்டுவிடுவார்” என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தூக்கத்தில் இறுகிய தோள் நசுங்கினாலும் உங்களுக்குத் தெரியாது.

படிவத்தில் பேஸ்மேக்கர், அறுவை சிகிச்சை, கிளிப் எல்லாம் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். பலர் கேட்க மறப்பது ஒன்று இருக்கிறது, அது உங்களைப் போன்ற வலிக்காரர்களுக்கே உரியது: தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை. சில பட்டைகளின் முதுகில் மெல்லிய உலோகப் படலம் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், காந்தம் இழுக்காமலும் இருக்கலாம், அதனால் யாரும் உலோகம் என்று நினைப்பதில்லை. ஆனால் ஸ்கேனில் சூடேறித் தோலைச் சுடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே இதை எச்சரித்தது. பட்டை ஒட்டியிருந்தால் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வலுவான வலி மருந்துப் பட்டையை நீங்களாகப் பிய்த்துவிட்டு, முடிந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்வதும் கூடாது. எப்போது எடுப்பது, புதியதை எப்போது ஒட்டுவது என்று எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிக்கோட்டின் பட்டைக்கும் இதே கதைதான்.

இத்தனையும் செய்வதற்கு முன் ஒரு வேலை. போன தடவை பத்து நிமிடம் படுத்தீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் ஓரிரு துண்டாவது முடிந்திருக்க வேண்டும். பழைய இடத்துக்குப் போய், பாதியில் நின்ற படங்களைப் பதிவு செய்து தரச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘ஸ்கேன் முடியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை’ என்று கவுண்டரில் சொல்வார்கள். கவுண்டரில் இருப்பவருக்குப் படம் பார்க்கத் தெரியாது. படம் பார்க்கும் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.