கோணல் வீடு

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மர வீட்டின் முன் நின்று படம் அனுப்பியிருக்கிறான். வீடு எல்லாப் பக்கமும் கோணிக்கொண்டு நிற்கிறது. எப்படி விழாமல் இருக்கிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பயப்படாதீங்கம்மா, விழாது. செஷயரில் அகழிக்கு நடுவே நிற்கும் அந்த வீட்டை மோர்ட்டன் குடும்பம் 1504 வாக்கில் தொடங்கி, நூறு வருஷம் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. கோணலுக்குக் காரணம் உச்சி மாடி. மழைநாளில் உள்ளேயே நடக்கவும் விளையாடவும் 68 அடி நீளக் கூடம் ஒன்றை மேலே ஏற்றினார்கள். பலகைச் சுவருக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகூடக் கிடைத்தது. சரி, விளையாடட்டும். கூரைக்கு ஓடு போடாமல் கல் பலகை போட்டார்களே, அந்தப் பாரத்தில்தான் கீழ்த்தளம் நெளிந்துவிட்டது.

இராயபுரத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதை. அண்ணன் கல்யாணத்துக்காக அப்பா மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய பாணி மாடித்தளம்) மேல் ஓர் அறை எழுப்பினார். ஆறே மாதத்தில் கீழே தேக்கு உத்தரம் தொய்ந்து, சமையலறைக் கதவு சாத்த முடியாமல் போனது. இன்றைக்கும் கூடத்து நடுவில் ஒரு முட்டுத்தூண் நிற்கிறது.

மோர்ட்டன் வீட்டைக் காப்பாற்றியது ஓக் மரச் சட்டம். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கிய நாக்கை, அதாவது கழுந்தை, அடுத்த மரத்தின் துளையில் இறக்கி, மர ஆணி அடித்த வேலை. சுவர் பாரம் தாங்குவதில்லை. சட்டத்துக்கு இடையே குச்சி பின்னி மண் பூசிய அடைப்புதான். அதனால் சாயும்போது பட்டென்று உடையாமல் சட்டம் மொத்தமும் சேர்ந்து வளைந்து கொடுத்தது. பிற்காலத்தில் வெளியே தெரியாமல் இரும்புக் கம்பியும் கொடுத்தார்கள். இப்போது அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது; அனுமதி இல்லாமல் ஒரு சன்னலைக்கூட மாற்ற முடியாது.

சன்னல் என்றதும் ஒன்று. முற்றத்துச் சன்னல் மேல், 1559-ல் இதைச் செய்த தச்சன் ரிச்சர்ட் டேல் என்று செதுக்கியிருக்கிறது. நான் நாற்பது வருஷம் உளி பிடித்தவன். என் பேரை எந்த வீட்டுக்காரர் எழுத விட்டார்!

கேள்வி: அந்த மாதிரி வீடுகளுக்குக் கறுப்பு வெள்ளை ஏன்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து மோகம். மோர்ட்டன் வீட்டிலும் மரத்தை முதலில் பூசாமல் விட்டார்கள். அது வெயிலிலும் மழையிலும் வெளுத்து வெள்ளி நிறமானது. இடையிலிருந்த சுவர் காவி மஞ்சள். ஊட்டி விடுதிகளில் சிமென்ட் சுவர் மேல் கறுப்புப் பட்டை அடிக்கிறார்களே, அது அந்தப் பிற்காலப் பெயின்ட்டின் நகல்.